பழைய ஃபோர்வீல் வாங்குமுன் முன் டிபரன்சலை எழுப்பிப் பாருங்கள்



அப்பாவுக்கு 55 வயது நிறைந்து ஊழியர் சேமலாப நிதி கைக்கு வருகிறது. கொழும்புக் கடையில் நிற்கும் மகன் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறான். அம்மாவின் சீட்டுக் காசும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப்போ டபுள் கெப்போ எடுத்தால் என்ன என்ற பேச்சு இன்று பல லயங்களில் நடக்கிறது. நல்ல யோசனைதான். மேல் டிவிசனிலிருந்து மரக்கறி இறக்கலாம், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றலாம், நடுராத்திரியில் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். மழை நாளில் நமது தோட்டத்து ரோட்டில் சாதாரண வான் ஏறாது என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குடும்பத்தின் முப்பது வருட உழைப்பு ஒரே நாளில் கைமாறுகிற காரியம் இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோரும் கண்டதே. அந்த விலையில் ஒரு பெரிய பங்கு ‘முன்னாலும் இழுக்கும்’ என்பதற்காகவே நாம் கொடுப்பது. வாங்கப் போகிறவர்கள் என்ஜினைப் பார்க்கிறார்கள், பெயின்டைப் பார்க்கிறார்கள், சீட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். முன் டிபரன்சலைப் பார்ப்பவர் மிகக் குறைவு. ஆகவே இந்த இதழின் வாகனப் பாடத்தை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

மண்டூர்ப் பக்கத்து வண்டி

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வண்டி தேடிக் கிழக்கே இறங்குபவர்கள் உண்டு. பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா தாண்டி ஏ 5 வீதி நேரே செங்கலடியில் கொண்டுபோய் விடுகிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து கிழக்கே போய்க் குடியேறிய குடும்பங்களும் இருப்பதால் உறவுத் தொடர்பும் விடவில்லை. சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற மண்டூர் முருகன் கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போன இடத்தில், “மாமா, இங்க ஏதும் ஜீப் விலைக்குக் கிடக்குதா?” என்று விசாரிப்பது இயல்புதானே.

அந்தப் பக்கத்து வண்டிகளைப் பற்றி ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். மண்டூர் இருப்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில். அங்குள்ளவர்கள் அதைப் படுவான்கரை என்பார்கள். கடல் பக்கத்துக் கரை எழுவான்கரை. வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளம். கடலோடு தொடர்புள்ளதால் அதன் தண்ணீரில் உப்பு உண்டு. காலத்துக்குக் காலம் கூடும், குறையும். படுவான்கரை முழுக்க வயல். பெரும்போகத்துக்கு விதை, பசளை கொண்டு போவதும், அறுவடை முடிந்து நெல்மூட்டை இழுப்பதும் சேற்று வழியேதான். மார்கழி, தை மழைக்கு ரோடும் வயலும் ஒன்றாகிவிடும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் கிழக்கில் வந்த வெள்ளங்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே நெடுங்காலம் ‘பாதை’ எனப்படும் மிதவைதான் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடத்தி வந்தது. வாவிக்கரைத் துறையில் இறங்கும் வண்டியின் சில்லு எங்கே நிற்கும் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மண்டூர் வண்டி கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வயல்காரர் தன் வண்டியைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பவர். நமது மலைநாட்டு வண்டி மேட்டிலே இழுத்துக் களைக்கிறது. படுவான்கரை வண்டி தண்ணீரிலே நின்று களைக்கிறது. நோய் வேறு, பார்க்கும் முறையும் சற்று வேறு. அவ்வளவுதான்.

டிபரன்சல் என்ன செய்கிறது?

மாட்டு வண்டியைப் பாருங்கள். அச்சு அசையாது, இரண்டு சில்லும் தன்தன் பாட்டில் சுழலும். வளைவில் வெளிப்பக்கச் சில்லு கூடச் சுழலும், உள்பக்கச் சில்லு குறையச் சுழலும். மாடு முன்னே இழுப்பதால் சிக்கல் இல்லை. மோட்டார் வண்டியிலோ சில்லையே சுழற்றி வண்டியை ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிச் சுழற்றினால் வளைவில் ஒன்று தேய்ந்துகொண்டு இழுபடும். இடது டயருக்கும் வலது டயருக்கும் நடுவே 1.4 மீற்றர் என்று வையுங்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அரை வட்டம் திரும்பினால் வெளிச் சில்லு உள் சில்லை விட சுமார் 4.4 மீற்றர் கூட ஓட வேண்டும். ஒரே ஒரு வளைவுக்கே இவ்வளவு! இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இரண்டு சில்லுக்கும் இழுவையைக் கொடுப்பதுதான் டிபரன்சலின் வேலை.

உள்ளே இருப்பவை இவை. ப்ரொப்பலர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் சிறிய பற்சில்லு, அதற்குப் பினியன் என்று பெயர். அது பெரிய பற்சில்லான கிரவுன் வீலைச் சுழற்றும். பினியன் ஏறத்தாழ நாலு தரம் சுழன்றால் கிரவுன் ஒரு தரம் சுழலும். பழைய லேண்ட்ரோவரில் இந்தக் கணக்கு 4.7. கிரவுனோடு சேர்ந்த கூட்டுக்குள் நாலைந்து சிறு பற்சில்லுகள் உண்டு. வளைவில் விட்டுக்கொடுப்பவை அவைதான். எல்லாவற்றையும் பெயாரிங்குகள் தாங்குகின்றன. அடியில் கியர் ஒயில் நிற்கிறது. கிரவுன் சுழலும்போது அதுவே ஒயிலை அள்ளி மற்றப் பாகங்களுக்கு வீசும். சுழலாவிட்டால் ஒயில் மேலே ஏறாது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்குகிற டிபரன்சல்

லேண்ட்ரோவர், மிட்சுபிஷி 4 டி.ஆர். 5 ஜீப், மஹிந்திரா, டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என். 106 போன்ற பழைய ஃபோர்வீல்களில் சாதாரண ஓட்டத்துக்குப் பின்சில்லு மட்டும் இழுக்கும். தேவைப்படும்போது லீவரைப் போட்டால் முன்னும் இழுக்கும். பல வண்டிகளில் முன்சில்லின் நடுவே கையால் திருப்பும் ஹப் உண்டு. அதிலே ‘ஃப்ரீ’, ‘லொக்’ என்று இரண்டு அடையாளம் இருக்கும். ஹப் ஃப்ரீயில் இருந்தால் முன்சில்லு மட்டும் உருளும். உள்ளே ஷாஃப்டும் டிபரன்சலும் ப்ரொப்பலரும் அசையாமல் தூங்கும்.

விற்பவர் உங்களை ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் வெள்ளாவெளி வரைக்கும் போய்வந்து, “பாருங்க தம்பி, ஒரு சத்தம் இருக்கா? பஞ்சு மாதிரிப் போகுது” என்பார். உண்மைதான், சத்தம் இராது. தூங்குகிறவர் எப்படிச் சத்தம் போடுவார்? முன் டிபரன்சலில் பல்லே இல்லாவிட்டாலும் அந்த ஓட்டத்தில் தெரியாது. இதில் விற்பவரின் சூழ்ச்சி என்று ஒன்றும் இருக்கத் தேவையில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும். “இது ஃபோர்வீலே போடாத வண்டி, முன்பக்கம் புதுசு மாதிரிக் கிடக்கு.” பெருமையாகச் சொல்லப்படுகிற இதைக் கேட்டால் நாம் கொஞ்சம் உஷாராக வேண்டும். வருடக்கணக்கில் சுழலாத டிபரன்சலில் ஒயில் அடியிலே தங்கிவிடும், மேல்பாதிப் பற்களும் பெயாரிங்கும் காய்ந்து நிற்கும். ஈரம் சேர்ந்தால் அங்கேதான் துரு பிடிக்கும். ‘பாவிக்காத சாமானுக்கு ஏன் ஒயில்?’ என்று யாரும் ஒயிலை மாற்றியிருக்கவும் மாட்டார்கள்.

முன் டிபரன்சல் கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நல்ல தார் ரோட்டில் ஃபோர்வீலைப் போட்டு ஓட்டுவது ஒன்று. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளை விடக் கூடுதலான தூரம் ஓட வேண்டும். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே விட்டுக்கொடுக்க ஒரு டிபரன்சல் இல்லை. சேற்றிலும் கிரவலிலும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும். தாரில் சறுக்க முடியாமல் இரும்பெல்லாம் முறுக்கேறும். லீவர் கழற்ற வராமல் இறுகுவது அதனால்தான். முன்னே புது டயர், பின்னே மொட்டை டயர் என்று அளவு மாறிப் போட்டாலும் இதே முறுக்குத்தான்.

காலையில், வண்டியை அசைக்குமுன்

எல்லாவற்றிலும் பெரிய சாட்சி ஒயில். முதல் நாளே விற்பவரிடம், “அண்ணே, காலையில நாங்க வந்து பார்க்கும் வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேணாம்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். காரணம் இருக்கிறது. தண்ணீர் ஒயிலை விடப் பாரமானது. இரவு முழுவதும் அசையாமல் நின்றால் டிபரன்சலுக்குள் இருக்கும் தண்ணீர் அடியில் போய்த் தங்கும்.

டிபரன்சல் உருண்டையில் இரண்டு மூடிகள் உண்டு. பக்கவாட்டில் இருப்பது ஊற்றும் மூடி, அடியில் இருப்பது வடிக்கும் மூடி. முதலில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துக் கழன்று வராவிட்டால் அடி மூடியில் கைவைக்கக் கூடாது. ஒயிலை வடித்துவிட்டுத் திருப்பி ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். ஊற்றும் துவாரத்துக்குள் சின்ன விரலை விட்டால் ஒயில் துவாரத்தின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். விரல் எட்டாத ஆழத்தில் இருந்தால் ஒயில் குறைந்துவிட்டது; எங்கே போனது என்று தேட வேண்டும்.

பிறகு அடி மூடியை மெதுவாகத் தளர்த்தி முதல் சொட்டுகளை ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடியுங்கள். முதலில் வெறும் தண்ணீர் வந்து அதன் பின் ஒயில் வந்தால் விசயம் விளங்கிவிட்டது. தண்ணீர் தனியாக வராவிட்டாலும் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அதுவும் தண்ணீர்தான், ஓட்டத்தில் அடிபட்டுக் கலந்திருக்கிறது. தேன் நிறமோ கறுப்போ பயமில்லை. கறுப்பு என்றால் பழசு. கருகிய மணம் அடித்தால் உள்ளே சூடு கண்டிருக்கிறது. கந்தக மணம் மட்டும் அடித்தால் பயப்படாதீர்கள், அது இந்த ஒயிலின் சொந்த மணம்.

ஒயிலை இரண்டு விரலுக்கிடையே தேய்த்து வெயிலில் பிடியுங்கள். மாவு மாதிரி மென்மையான சாம்பல் நிறப் பசை எல்லாப் பழைய டிபரன்சலிலும் இருக்கும். வடிக்கும் மூடியில் காந்தம் இருந்தால் அதிலும் ஒட்டியிருக்கும். அது வயதின் தேய்வு. ஆனால் விரலில் நெருடும் துகளோ, ஊசி போன்ற சிராயோ, உடைந்த பல்லின் துண்டோ வந்தால் வேறு கதை. பொன் நிறத்தில் மினுங்கும் தூள் வந்தால் உள்ளே சிறு பற்சில்லுகளுக்குப் பின்னால் இருக்கும் பித்தளை வொஷர்கள் தேய்கின்றன என்று கொள்ளலாம். காந்தம் அதை இழுக்காது.

ஒயில் கூழ் போல் கெட்டியாகவோ கிரீஸ் கலந்தோ மரத்தூள் கலந்தோ இருந்தால் மேலும் பார்க்கத் தேவையில்லை. சத்தத்தை அமுக்குவதற்கு முற்காலத்திலிருந்தே செய்யும் வேலை அது. கும்பிட்டு விடைபெற்று வாருங்கள். பளிச்சென்ற புத்தம் புது ஒயில் இருந்தால்? நல்லதாகவும் இருக்கலாம், நேற்றுத்தான் தடயத்தை வடித்திருக்கவும் கூடும். அப்படியான இடத்தில் பின்வரும் பரிசோதனைகளை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கேட்பீர்கள். டிபரன்சலுக்கு மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. ஓடிச் சூடான டிபரன்சலுக்குள் காற்று விரிந்து அந்த வழியே வெளியேறும். சூட்டோடு சூடாக வண்டி வாவித் தண்ணீரிலோ வாய்க்காலிலோ இறங்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுக்குழாய் சேற்றில் அடைபட்டிருந்தால் அது ஒயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். குழாய் திறந்திருந்தும் நுனி தண்ணீருக்குள் இருந்தால் அதுவழியே உறிஞ்சும். உப்புத் தண்ணீர் என்றால் பெயாரிங்கின் பளபளப்பான உருளைகளில் அம்மைத் தழும்பு போல் குழி விழும். அந்தக் குழிதான் பின்னாளில் உறுமலாகக் கேட்கிறது. நமது தோட்டத்து ஓடைகளைக் கடக்கும் வண்டிகளுக்கும் இதே கதைதான், உப்பு மட்டும் இல்லை.

கையால் பார்ப்பது

கட்டாந்தரையான இடத்தில் பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன் அச்சை ஜக்கினால் தூக்கி, இரு பக்கமும் பலமான ஸ்டாண்டோ மரக்குற்றியோ வைத்து இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை விடாதீர்கள். இது விளையாட்டு வார்த்தை அல்ல. ஹப் இரண்டையும் லொக்கில் திருப்புங்கள்.

என்ஜின் நிற்கட்டும். லீவர் 4 எச், கியர் ஒன்றில். இப்போது ப்ரொப்பலர் அசையாது. ஒரு முன்சில்லைக் கையால் சுழற்றினால் மற்றச் சில்லு எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். அப்படிச் சுழன்றால் இரண்டு ஹப்பும் ஷாஃப்டும் உயிரோடு இருக்கின்றன. ஒரு சில்லு சும்மா சுழன்று மற்றது அசையாமல் நின்றால் ஒரு ஹப் பிடிக்கவில்லை அல்லது ஷாஃப்ட் முறிந்திருக்கிறது. அந்த வண்டி பெயருக்குத்தான் ஃபோர்வீல். ஏனென்றால் டிபரன்சல் எப்போதும் இலகுவான பக்கத்துக்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். சுழற்றும்போது கையில் கடகடப்புத் தெரிகிறதா, மற்றச் சில்லு அசையும் முன் நீண்ட ஆட்டம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது உள்ளே இருக்கும் சிறு பற்சில்லுகளின் தேய்வு.

அடுத்தது லீவரை 2 எச்சுக்கு மாற்றி, முன் ப்ரொப்பலரைக் கையால் மெதுவாகச் சுழற்றுவது. இரண்டு முன்சில்லும் சேர்ந்து சுழலும். ப்ரொப்பலரில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் ‘டிக்’ என்று தட்டினால் குறை பினியனில். ஏறத்தாழ நாலு சுற்றுக்கு ஒரு தரம் தட்டினால் கிரவுனில் ஒரு பல் அடிபட்டிருக்கிறது. பெரிய கராஜுக்குப் போகாமல், காசு செலவில்லாமல் உள்ளே எந்தப் பல் என்று கண்டுபிடிக்கும் வழி இது.

ப்ரொப்பலர் டிபரன்சலோடு சேரும் தட்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது. ஆடினால் பினியன் பெயாரிங் தேய்ந்துவிட்டது. பினியன் ஆடினால் பற்கள் சரியான இடத்தில் சந்திக்காது. பெயாரிங்கில் தொடங்கிய நோய் பல்லுக்குப் போயிருக்கும். அதே இடத்தில் ஒயில் கசிந்து சேறு அப்பியிருந்தால் சீலும் போய்விட்டது.

வண்டியை இறக்கி, சில்லுகள் தரையில் இருக்கும்போது ப்ரொப்பலரை இரு பக்கமும் திருப்பி எவ்வளவு ஆட்டம் என்று பாருங்கள். கிரவுன், பினியன் பற்களுக்கிடையே வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கையால் அளக்கக்கூடியது அது அல்ல. ப்ரொப்பலரில் தெரிவது ஹப், ஷாஃப்ட், பற்சில்லு எல்லாவற்றின் ஆட்டமும் சேர்ந்த கூட்டுத்தொகை. ஆகவே கியரை நியூட்ரலில் போட்டு அதே வண்டியின் பின் ப்ரொப்பலரையும் ஆட்டி ஒப்பிடுங்கள். முன்பக்கம் பின்பக்கத்தை விட அதிகம் ஆடினால், குறைய ஓடிய உறுப்பு கூடத் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்.

சில்லுக்குப் பின்னால் பெரிய உலோக உருண்டை தெரியும் வண்டிகளில், ஹைலக்ஸ் எல்.என். 106, பழைய லேண்ட்குரூசர் போன்றவற்றில், அந்த உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். அங்கே கிரீஸ்தான் இருக்க வேண்டும். மெல்லிய ஒயில் வழிந்தால் உள் சீல் கெட்டு டிபரன்சல் ஒயில் அங்கே வந்து சேர்கிறது. பல வண்டிகளில் ஒயில் மட்டம் குறைவது இப்படித்தான்.

சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் சில்லு பெயாரிங்; நிற்காவிட்டால் கிங்பின் பக்கம். இதை டிபரன்சல் கோளாறு என்று நினைத்து மலிவான வேலைக்குப் பெரிய கணக்குப் போடுபவர்களும் உண்டு.

பஜேரோ போன்ற பிற்கால வண்டிகளில் ஹப்பைக் கையால் திருப்பும் வேலை இல்லை. வக்கியூமால் தானாக இணையும். அதிலே ஃபோர்வீல் போட்டதும் டாஷ்போர்டு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இணைப்பு முழுதாக விழவில்லை.

காதால் கேட்பது

இப்போதுதான் ஓட்டம். தார் ரோடு வேண்டாம். மண்டூர்ப் பக்கம் வயலோரக் கிரவல் வீதிகளுக்குக் குறைவில்லை. நமது பக்கம் தோட்டத்து மண் ரோடு. ஹப் லொக், லீவர் 4 எச். வளைவில்லாத நேர் ரோட்டில் மணிக்கு 30, 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுங்கள். ரேடியோவை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், விற்பவர் கதை சொன்னால் சிரித்துக்கொண்டே, “கொஞ்சம் பொறுங்க அண்ணே” என்று சொல்லுங்கள்.

எக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் ‘ஊ…’ என்று மெல்லிய ஊளை, காலை எடுத்ததும் மறைகிறது என்றால் கிரவுன், பினியன் பற்களின் ஒரு முகம் தேய்ந்துள்ளது. காலை எடுத்து வண்டி தானாக உருளும்போது மட்டும் ஊளை என்றால் பல்லின் மறுமுகம் அல்லது பினியனின் இருப்பு. அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பெயாரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். நேரே ஓடும்போது சத்தமில்லாமல், திரும்பும்போது மட்டும் முறுமுறுத்தால் உள்ளே உள்ள சிறு பற்சில்லுகள். ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக இழுக்கும்போது ‘டக் டக் டக்’ என்றால் அது டிபரன்சல் அல்ல, சில்லருகே இருக்கும் ஜொயின்ட்.

இந்தச் சத்தம் உண்மையில் முன்பக்கத்திலிருந்துதான் வருகிறதா? சேற்று டயரும் ஊளையிடும், பின் டிபரன்சலும் ஊளையிடும். வண்டியை நிறுத்தி, ஹப்பை ஃப்ரீயாக்கி, 2 எச்சில் போட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றவாளி முன்பக்கம். அப்படியே இருந்தால் பின்பக்கமோ டயரோ. டயர்ச் சத்தம் ரோடு மாறினால் மாறும், எக்சிலேட்டருக்கு மாறாது. எங்களைக் கேட்டால், இந்தப் பாடத்தில் வேறு ஒன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள் என்போம். பத்து நிமிச வேலை.

விலை பேசும்போது

ஒயிலில் தண்ணீர், ஆனால் துகள் இல்லை, சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை என்றால் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. சீல் மாற்றி, உள்ளே திறந்து பெயாரிங் பார்க்கும் செலவை ஒரு கராஜ் பாஸிடம் கேட்டு அதை விலையில் கழித்துப் பேசலாம். உறுமல் இருந்தால் பெயாரிங் மாற்றியே ஆக வேண்டும். பெயாரிங் தனியாக வாங்கலாம், ஆனால் பொருத்தும்போது பற்களின் இடைவெளியை அளந்து தகடு வைத்துச் சரிசெய்யத் தெரிந்த கை வேண்டும். மதிப்புக்குத் தட்டிப் பொருத்துகிற இடத்தில் கொடுத்தால் ஒரு வருடத்தில் புது பெயாரிங்கோடு பல்லும் போகும்.

ஊளை கேட்டாலோ பல்துண்டு கிடைத்தாலோ கிரவுன், பினியன் இரண்டையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று உராய்ந்து சேர்க்கப்பட்டு ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டு வருபவை. ஒன்றை மட்டும் மாற்றினால் பொருந்தாது. பலர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய டிபரன்சலை முழுதாக எடுத்துப் போடுகிறார்கள். அது மலிவான வழிதான், ஆனால் ஒரு கண்டிப்பு: முன் டிபரன்சலின் பற்கணக்கு பின் டிபரன்சலோடு ஒத்திருக்க வேண்டும். கிரவுனில் 41 பல், பினியனில் 10 என்றால் கணக்கு 4.1. கிரவுனில் 43, பினியனில் 10 என்றால் 4.3. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, ஓட்டையும் ஒன்றாய்ப் பொருந்தும். மாறிப் போட்டு ஃபோர்வீலைப் போட்டால் முன்சில்லு ஒரு வேகத்துக்கும் பின்சில்லு ஒரு வேகத்துக்கும் இழுத்து, எது பலவீனமோ அது உடையும். முன்பு யாராவது இப்படி மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சந்தேகமென்றால் சில்லு ஒரு சுற்றுக்கு ப்ரொப்பலர் எத்தனை சுற்று என்று முன்னும் பின்னும் எண்ணி ஒப்பிடலாம். எண்ணும்போது இரண்டு சில்லும் சேர்ந்து சுழல வேண்டும்.

“முன்பக்கம் போனால் என்ன, ப்ரொப்பலரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம்” என்பார்கள். ஓட்டலாம்தான். ஹப்பை ஃப்ரீயாக்கி முன் ப்ரொப்பலரைக் கழற்றினால் அது பின்சில்லு இழுக்கும் சாதாரண வண்டி. அப்படியானால் விலையும் சாதாரண வண்டியின் விலையாக இருக்கட்டும். மோசமான டிபரன்சலை லொக் பண்ணி ஓட்டுவது மட்டும் வேண்டாம். உடைந்த பல்துண்டு பினியனுக்கும் கிரவுனுக்கும் நடுவே சிக்கினால் முன்சில்லு இறுகி நிற்கும். சேறு நிறைந்த இறக்கத்தில், பின்னே பத்துப் பேர் குந்தியிருக்கும்போது அது நடந்தால் ஸ்டேரிங் கையில் இருந்தும் பயனில்லை.

கொண்டுவந்த பிறகு

செங்கலடியிலிருந்து பதுளை வரைக்கும் தார் ரோடு. பிபிலை தாண்டி ஏற்றமும் வளைவும் வரும். ஆசைக்குக்கூட ஃபோர்வீலைப் போடாதீர்கள்; ஹப் ஃப்ரீயில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முன் டிபரன்சல் ஒயிலை மாற்றுங்கள். மண் ரோட்டில் ஹப்பை லொக் பண்ணிச் சற்று ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். தண்ணீர் கலந்திருந்த வண்டி என்றால் புது ஒயிலை ஊற்றி 500 கிலோமீற்றர் ஓடியபின் அதையும் வடித்து மறுபடி ஊற்றுங்கள். காசுக்குக் கொஞ்சம் வலிக்கும், பெயாரிங் விலையோடு பார்த்தால் வலிக்காது. டிபரன்சலுக்கு ஜி.எல். 5 என்று போட்ட 80 டபிள்யூ 90 அல்லது 90 ஒயில் பொதுவாகப் பொருந்தும். வண்டியின் கைநூல் வேறு சொன்னால் அதன்படி. மிஞ்சிய ஒயிலைக் கியர்பொக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். பழைய கியர்பொக்ஸ்களில் இருக்கும் பித்தளை வளையங்களை அது அரிக்கக்கூடும்.

இரண்டு கிழமைக்கு ஒரு தரமாவது மண் ரோட்டில் ஹப்பை லொக் பண்ணி 4 எச்சில் சில கிலோமீற்றர் ஓட்டுங்கள், உள்ளே ஒயில் ஏறட்டும். ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறினால் மறுநாள் காலையில் அடி மூடியைத் தளர்த்தி ஒரு சொட்டுப் பாருங்கள்.

மூச்சுக்குழாய்க்கு ஒயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றை மாட்டி, என்ஜின் அறையின் உயரமான இடம் வரைக்கும் கொண்டுபோய்க் கட்டலாம். கராஜில் அரைமணி நேர வேலை. ஸ்டேரிங் முழுக்கத் திரும்பும்போதும் அச்சு மேலே கீழே ஆடும்போதும் ஹோஸ் இழுபடாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள். சைலன்சர் பக்கம் போகக் கூடாது. நுனியைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். மேல்நோக்கி விட்டால் மழைத் தண்ணீர் அதுவழியே இறங்கும்.